விரல் வைத்த சிப்பாய்

ஐப்பசி 4, செவ்வாய்

விடிந்ததிலிருந்து தூறல். குரங்கணிப் பக்கம் மலையே தெரியவில்லை. கடையில் ஈ ஓட்டினேன். தீபாவளி நெருங்குகிறது, போடி ஜனத்துக்கு இன்னும் துணி ஞாபகம் வரவில்லை. மல்லுத் துணிக் கட்டு இரண்டு ஈரம் பட்டு நாற்றம். பிரித்து உலர்த்த வேண்டும்.

சாயங்காலம் வேலுச்சாமி வரவில்லை. விளக்கு வைக்கிற நேரத்துக்குச் சதுரங்கக் காய்ப்பெட்டியை அக்குளில் இடுக்கிக்கொண்டு வந்துவிடுகிறவன். ஏலக்காய்த் தரகனுக்கு மழை நாளில் அப்படி என்ன சோலி? சதுரங்க விரிப்பை விரித்து வைத்து உட்கார்ந்திருந்தேன். பிறகு சுருட்டி வைத்தேன்.

காய்ச்சலோ என்னவோ. நாளை போய்ப் பார்க்க வேண்டும்.

ஐப்பசி 5, புதன்

காய்ச்சலும் இல்லை, கத்தரிக்காயும் இல்லை.

மலைமேலே ஏதோ தோட்டத்தில் கணக்கெழுதும் ரைட்டராம், பெயர் ஞானமுத்து. அட்டை கடித்த கால் புண்ணாகி, வைத்தியத்துக்கு இறங்கி வந்து சத்திரத்தில் தங்கியிருக்கிறாராம். துரை ஆடுவதைப் பார்த்து இங்கிலீஷ் சதுரங்கம் கற்றவராம். நேற்று வேலுச்சாமி அவரோடு மூன்று ஆட்டம் ஆடி மூன்றிலும் தோற்றிருக்கிறான். அதைக் கடைக்கு வந்து சிரித்துக்கொண்டே சொல்கிறான்.

“ஆட்டம்னா அது ஆட்டம் மாப்ளே! மனுசன் யானையத் தூக்கிக் குடுக்கிறான், குதிரையத் தூக்கிக் குடுக்கிறான், கடேசில பாத்தா நம்ம ராஜா செத்துக் கெடக்கான்.”

என்னிடம் தோற்றால் தண்ணீர்கூடக் குடிக்காமல் எழுந்து போகிறவன் இவன்.

இங்கிலீஷ் ஆட்டத்தின் லட்சணம் (அவன் சொன்னபடி): சிப்பாய் முதல் தடவை இரண்டு கட்டம் ஓடலாம். மந்திரி கிடையாது, அந்த இடத்தில் ராணி. நம் ராஜா ஆட்டத்தில் ஒரே ஒரு தடவை குதிரை மாதிரி தாவலாம் அல்லவா, அதுவும் அங்கே கிடையாது. ராணி ஊரெல்லாம் போய்ச் சண்டை போடுவாள், ராஜா மூலையில் யானைக்குப் பின்னால் பதுங்குவான். நல்ல ராஜ்ஜியம்.

இன்று ஆட்டம் இல்லை. “ரைட்டரு காத்திருப்பாரு, வெரசாப் போகணும்” என்று போய்விட்டான். காய்ப்பெட்டியோடு.

(இனி இந்த நோட்டில் வேலுச்சாமி வே. அவ்வளவு மை போதும் அவனுக்கு.)

ஐப்பசி 9, ஞாயிறு

வெயில். துணி உலர்ந்தது. நாற்றம் போகவில்லை.

வே. ரைட்டரை என் வீட்டுக்கே அழைத்து வந்துவிட்டான். சின்ன வயசு, ஒல்லி, காலில் கட்டு. கெட்ட ஆளாக இருந்தால் நிம்மதியாக இருக்கும். இல்லை. என் வீட்டுக்காரி மீனாட்சிக்கு ஒரு பொட்டலம் பச்சை ஏலக்காய் கொண்டு வந்து, “அக்கா, பாயசத்துக்கு ஆகும்” என்று கொடுத்தார். இவளுக்கு வாயெல்லாம் பல். என் கடை வேட்டியைத் தடவிப் பார்த்து நல்ல நெசவு என்றார்.

ஆடினோம். நம் நாட்டு ஆட்டமே ஆடலாம் என்று அவராகவே சொன்னார். முதல் ஆட்டம் எனக்கு. இரண்டாவதில் தம் யானையை நட்டநடுவே விட்டார். எடுத்தேன். எடுக்காமல் என்ன செய்வது? அதற்குள் ஓரத்தில் ஒரு சிப்பாய் ஊர்ந்து வந்து என் ராஜாவின் மூச்சை நிறுத்திவிட்டது.

சிப்பாய் கையால் சாவு. மந்திரியால் செத்தால் தோல்வி, யானையால் செத்தால் தோல்வி. சிப்பாயால் செத்தால் மானம் போச்சு என்று அர்த்தம், நம் ஆட்டத்தில். ரைட்டருக்கு அது தெரியாது போலிருக்கிறது. “தற்செயலா அமைஞ்சுது அண்ணே” என்றார்.

வே. கை தட்டினான்.

கை தட்டினான்! எத்தனை வருஷமாக இந்த விரிப்பில் எதிரெதிரே உட்கார்ந்திருக்கிறோம். நான் எத்தனையோ தடவை அழகாக ஜெயித்திருக்கிறேன். ஒரு தடவை தட்டியதில்லை.

பாயசம் வைத்தாள். நான் குடிக்கவில்லை. வயிறு சரியில்லை என்றேன். பொய்யும் இல்லை, எரிந்துகொண்டுதான் இருந்தது.

ஐப்பசி 13, வியாழன்

மதுரையிலிருந்து சரக்கு வண்டி வந்தது. சேலை 2 கட்டு, சிறுவர் சட்டைத் துணி 1, கண்டாங்கி வரவில்லை. கண்டாங்கிதான் எல்லாரும் கேட்கிறார்கள்.

நாலு நாளாக வே. வரவில்லை. இன்று கடை வழியாகப் போனவனைக் கூப்பிட்டு, ராத்திரி சாப்பிட வா என்றேன். “ஆயிக்கோட்டே” என்றான்.

ஆயிக்கோட்டே! ஆகட்டும் என்று சொல்ல மலையாளம் எங்கிருந்து ஒட்டியது? ரைட்டர் வாயிலிருந்துதான். மூக்குப்பொடி போடும் பழக்கமும் வந்திருக்கிறது. அடுத்தது காலில் கட்டும் போட்டுக்கொள்வான்.

வரவும் இல்லை. மீனாட்சி சோற்றுக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டே சிரித்தாள். “எனக்குத்தான் சக்களத்தி இல்ல. ஒங்களுக்கு வந்துட்டா.”

“என்ன பேச்சு இது?” என்றேன்.

“கல்யாணமாகி வந்த நாள்லேர்ந்து பொழுது சாஞ்சா அவரு, விடிஞ்சா அவருன்னு கெடந்தீகளே, அப்ப எனக்கு எப்டி இருந்திருக்கும்? நல்லா அனுபவிங்க.”

அவள் சொன்னது உண்மை. பொறாமைதான். கடையில் எதிர்க் கடைக்காரன் வியாபாரம் ஓகோ என்று நடக்கும்போதுகூட எனக்கு இப்படி இருந்ததில்லை.

ஐப்பசி 16, ஞாயிறு

மழை. கூரை ஒழுக்கு, மேற்கு மூலை. ஓடு மாற்ற ஆள் சொல்ல வேண்டும்.

வருகிற ஞாயிறு பந்தயம். உத்தமபாளையம் ராவுத்தரோடு. அவருக்கு மலைமேலே ஏலக்காடு இருக்கிறது, பறிப்பு நேரத்தில் ஊருக்கு இறங்க மாட்டார், அதனால் வருஷா வருஷம் குரங்கணியில் ஏலக்காய் அடுக்கும் கிட்டங்கியில்தான். ஜெயித்த ஊருக்குக் காய்ப்பெட்டி. போன வருஷம் ஜெயித்தது நாங்கள், அதனால்தான் பெட்டி போடியில் இருக்கிறது. தந்தக் காய்கள். இரண்டு ஊரிலும் அதற்கு நிகராக வேறு கிடையாது.

பந்தயத்தில் ஒருவன் உட்கார்ந்து ஆடுவான். ஒருவன் பின்னால் நிற்பான். வே.தான் உட்காருவான், நான்தான் நிற்பேன். யாரும் இதுவரை கேள்வி கேட்டதில்லை. வே.க்குக் கண் உண்டு, ஞாபகம் கிடையாது. எதிரி ராஜா தன் தாவலைத் தாவிவிட்டதா, பாக்கி வைத்திருக்கிறதா என்பதெல்லாம் என் மண்டையில்தான் இருக்கும். அவன் நகர்த்தப் போகிற காயில் விரல் வைப்பான். சரி என்றால் நான் ‘ம்’ என்பேன். நான் பேசாமல் இருந்தால் விரலை எடுத்துவிடுவான். ஏன் என்று திரும்பிக்கூடப் பார்க்க மாட்டான்.

இன்று குடையும் கையுமாக வந்து நின்றான். உட்காரவில்லை. அப்போதே தெரிந்தது.

“மாப்ளே, இந்த வருசம் ரைட்டரு பின்னால நிக்கட்டுமா? ராவுத்தருக்கு நம்ம ரெண்டு பேரு ஆட்டமும் அத்துபடி. புதுசா ஏதாச்சும் வேணும்ல?”

“நிக்கட்டும். எனக்குத் தீவாளி யாவாரம் இருக்கு” என்றேன்.

“கோவமா?”

“எனக்கென்ன கோவம்?”

நம்பிவிட்டான்! குடையை விரித்துக்கொண்டு போயே போய்விட்டான். இவ்வளவு நாள் பழகியவனுக்கு என் குரலில் ஒன்றும் தெரியவில்லை.

தூக்கம் வரவில்லை. ஒழுக்குச் சத்தம் வேறு.

ஐப்பசி 19, புதன்

நல்ல நாள்! கண்டாங்கி வந்து சேர்ந்தது. அதைவிட நல்லது: ரைட்டரைத் துரை உடனே மேலே வரச் சொல்லி ஆள் அனுப்பிவிட்டார். புண் ஆறவில்லையாம். அதற்காகத் துரை காத்திருப்பாரா?

வழியனுப்ப நானே போனேன். அவர் தகரப் பெட்டியை என் தோளில் வைத்து மட்டக்குதிரை நின்ற இடம் வரை தூக்கிப் போனேன். அத்தனை உற்சாகம். அந்த மனிதர் கண் கலங்கிவிட்டார். “ஒங்களமாதிரி மனுசாள நான் பாத்ததில்ல அண்ணே” என்றார். கொஞ்சம் கூச்சமாக இருந்தது. கொஞ்சம்தான்.

வே. முகம் செத்துக் கிடந்தது. திரும்பி வரும்போது பாதி வழியில், “அப்ப நீயே வந்துரு மாப்ளே” என்றான்.

அப்ப நீயே.

சரி என்றேன். வீட்டுக்கு வந்தும் அந்த இரண்டு வார்த்தை பல்லிடுக்கில் சிக்கிய நார் மாதிரி. ஆள் இல்லாவிட்டால் நான். கடையில் கண்டாங்கி இல்லாவிட்டால் வேறு சேலையைத் தலையில் கட்டுவோமே, அந்த வேறு சேலை நான்.

ஐப்பசி 21, வெள்ளி

கடையில் நிற்க இடமில்லை. தொண்டை கட்டிவிட்டது.

ராத்திரி வே. வந்தான். ஆடினோம். ரைட்டர் சொல்லிக் கொடுத்த வித்தையாம்: யானையை எதிரி வாயில் விட்டுவிட்டு ஓரச் சிப்பாயைத் தள்ளுவது. நாலு ஆட்டத்தில் நாலிலும் அதையே தேடினான். நான் யானையைத் தொடாமல் விட்டேன். “எடு மாப்ளே, எடுத்தாத்தான தெரியும்!” என்று கெஞ்சுகிறான்.

எடுக்கவில்லை.

எடுத்துப் போக: கம்பளி, பொரிவிளங்காய், சுக்கு, அட்டைக்குப் புகையிலைத் தண்ணீர். மீனாட்சி பேசவில்லை. தீபாவளிக்கு முந்தின ஞாயிறு கடையைக் கணக்கப்பிள்ளையிடம் விட்டுவிட்டுப் போகிறவனோடு என்ன பேசுவது.

ஐப்பசி 24, திங்கள்

கடையில் உட்கார்ந்து எழுதுகிறேன். கூட்டம் தணிந்திருக்கிறது. நேற்று நடந்ததை எழுதிவிட வேண்டும். எழுதாமல் இருக்க முடியவில்லை.

கருக்கலில் மாட்டு வண்டியில் கிளம்பி, கொட்டகுடி ஆற்றில் தண்ணீர் கொஞ்சம் குறைந்திருந்ததால் தாண்டிவிட்டோம். கிட்டங்கி முழுக்க ஏலக்காய் வாசனை. தலைக்கு மேலே, மலையிலிருந்து வரும் இழுவைக் கம்பியில் தேயிலைப் பெட்டிகள் தொங்கிக்கொண்டு இறங்கிக்கொண்டிருந்தன. ராவுத்தர் எங்களுக்கு முன்பே வந்து பாய் விரித்துக் காத்திருந்தார். அவருக்குப் பின்னால் அவர் மருமகன். சுற்றிச் சுமைக்காரர்கள், தரகர்கள், ஒரு கூட்டம்.

ராவுத்தர் ராஜா ஆரம்பத்திலேயே தன் தாவலைத் தாவி ஓரத்துக்குப் போய்விட்டது. என் மண்டையில் குறித்துக்கொண்டேன். மத்தியானம் வரை சமம். நான் நாலைந்து தடவை ‘ம்’ சொன்னேன், இரண்டு தடவை சொல்லவில்லை. பழைய மாதிரியே இருந்தது. ரைட்டரை மறந்தே போனேன்.

வெயில் சாய்கிற நேரம் ராவுத்தர் மந்திரியைக் கொண்டு வந்து வே.யின் யானைக்கு நேரே வைத்தார். எல்லாரும் யானை போயிற்று என்றார்கள். எனக்குத் தெரிந்துவிட்டது. யானை போகட்டும். ஓரச் சிப்பாயைத் தள்ளினால் போதும். அவர் யானையை எடுத்தால் மந்திரி தொலைவுக்குப் போய்விடும், அடுத்த அடியில் சிப்பாய் ராஜாவைக் கொன்றுவிடும். எடுக்காவிட்டால் யானையே இறங்கிக் கொல்லும். இரண்டு பக்கமும் அடைப்பு. சிப்பாயால், ராவுத்தரை! இரண்டு ஊரும் வருஷக்கணக்கில் பேசும்.

வே.யும் கண்டுவிட்டான். விரல் மெதுவாகப் போய் அந்தச் சிப்பாயின் தலையில் உட்கார்ந்தது.

அப்போது வே. தனக்குள் முணுமுணுத்தான். “ரைட்டரு ஆட்டம்.”

எனக்கு மட்டும்தான் கேட்டிருக்கும். கேட்காமலே இருந்திருக்கலாம். எனக்குத் தெரிந்தது அடுத்த வருஷம் முழுக்க: ரைட்டர் சொன்ன வழி, ரைட்டர் ஜெயித்த பந்தயம், ரைட்டர் இங்கே இல்லாமலே ஜெயித்துக் கொடுத்தார் என்று வே. ஊர் ஊராகச் சொல்லித் திரிவது. கை தட்டுவது. அந்தக் காயை நானும்தானே பார்த்தேன்? அது யார் காதில் ஏறும்?

வாயைத் திறக்கவில்லை.

விரல் அங்கேயே இருந்தது. ரொம்ப நேரம். கம்பியில் பெட்டி கிறீச்சிட்டுக்கொண்டு போனது. யாரோ இருமினார்கள். நான் அவன் பிடரியைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

விரலை எடுத்துவிட்டான். யானையைப் பின்னுக்கு இழுத்தான்.

அதோடு ஆட்டம் முடிந்தது. விளக்கேற்றுவதற்குள் தோற்றோம். காய்ப்பெட்டியை வே. இரண்டு கையாலும் எடுத்து ராவுத்தரிடம் கொடுத்தான். மரியாதையாகத்தான் வாங்கிக்கொண்டார்.

கை கழுவும் இடத்தில் ராவுத்தர் என் பக்கத்தில் வந்து நின்றார். மெல்லத்தான் சொன்னார். “அப்பு, அவரு அந்தச் சிப்பாயத் தொட்டப்ப எனக்கு உசுரு போயிட்டு வந்துச்சு. அல்லா புண்ணியத்துல ரெண்டு பேரு கண்ணுலயும் படல.”

நான் துண்டில் கையைத் துடைத்தேன். துடைத்துக்கொண்டே இருந்தேன்.

வண்டியில் வரும்போது வே. என் மேல் கம்பளியை இழுத்துப் போர்த்திவிட்டான். “குளுருதா மாப்ளே?” என்று வேறு.

ஐப்பசி 25, செவ்வாய்

காலையிலேயே வே. கடைக்கு வந்தான். முகம் தெளிவாக இருந்தது. தோற்றவன் முகம் மாதிரியே இல்லை. கல்லாவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, கூட்டம் குறையும் வரை காத்திருந்தான்.

“மாப்ளே, ராத்திரி பூரா அதே நெனப்புத்தான். அந்தச் சிப்பாயத் தள்ளலாம்னு விரல் வச்சேன்ல? எனக்கு அது அவ்வளவு நல்லாத் தெரிஞ்சுது. நீ பேசல. சரி, உள்ள ஏதோ கண்ணி இருக்குன்னு எடுத்துட்டேன். அந்தக் கண்ணி என்னன்னுதான் புடிபடல. ரைட்டரு நின்னிருந்தா ஆமா போட்டுருப்பாரு, நானும் தள்ளி அசிங்கப்பட்டுருப்பேன். தோத்தாலும் மானமாத் தோத்தோம். மத்தியானம் சாப்புட்டு வாரேன், எனக்குக் காட்டிக் குடு.”

போய்விட்டான்.

ஒருத்திக்குச் சேலை அளந்தேன். தவறு. மறுபடி அளந்தேன். கடையைக் கணக்கப்பிள்ளையிடம் விட்டுவிட்டு வீட்டுக்கு வந்து விரிப்பைப் போட்டேன். காய்ப்பெட்டி இல்லை. புளியங்கொட்டையும் சட்டைப் பொத்தானும் வைத்து அந்த இடத்தை அப்படியே அடுக்கினேன்.

கண்ணி வேண்டும். ஏதாவது ஒன்று.

குதிரையால் மறித்தால்? யானை இறங்கும். மந்திரியைத் திரும்ப இழுத்தால்? ஒரு கட்டம் எட்டவில்லை. ராஜா முன்னால் வந்தால்? அங்கே அவருடைய சிப்பாயே அடைத்துக்கொண்டு நிற்கிறது. எப்படி வைத்தாலும் வே. ஜெயிக்கிறான். சாமியை வேண்டிக்கொண்டு அந்தப் புளியங்கொட்டை ராஜாவைப் பிழைக்கவைக்கப் பார்க்கிறேன், பிழைக்க மாட்டேன் என்கிறது.

“சாப்புட வரலையா? தீவாளிக் கடைய விட்டுட்டு என்ன இது கொட்டைய வச்சு வெளாட்டு?” மீனாட்சி. வரவில்லை என்றேன்.

ஒரே ஒரு வழி. ராஜா தாவலைப் பாக்கி வைத்திருந்தால் சிப்பாயிடமிருந்து தாவித் தப்பித்துவிடும். முந்தாநாள் பாக்கி இல்லை. காலையிலேயே தாவிவிட்டது. அந்தக் கணக்கு வே.யிடம் கிடையாது, என்னிடம்தான்.

அந்தப் பொய்யைச் சொல்லக் கூடாது. உண்மையைச் சொல்லிவிட வேண்டும். வந்ததும் முதல் வார்த்தையாக. அடித்தால் அடிக்கட்டும்.

சாயங்காலம், அதே நாள்

வந்தான். செருப்பைக் கழற்றும்போதே கத்திக்கொண்டு வந்தான்.

“கண்டுபுடிச்சுட்டேன் மாப்ளே! ராவுத்தரு ராஜா இன்னும் தாவலைல்ல? பாக்கி வச்சிருந்தாரு, அதானே?”

நான் சொல்ல நினைத்து வைத்திருந்தது அத்தனையும் வாயில்தான் இருந்தது.

தலையை ஆட்டினேன்.

தொடையில் தட்டிக்கொண்டான். “பாத்தியா! ரைட்டருகூட இதக் கவனிச்சிருக்க மாட்டாரு. ஒன் கண்ணு எவனுக்கும் வராது மாப்ளே!”

இந்த மாதம் பிறந்ததிலிருந்து இந்த ஒரு சொல்லுக்குத்தான் பசித்துக் கிடந்தேன். மீனாட்சி கேட்க, வாசலில் போகிறவர்கள் கேட்க, உரக்கச் சொன்னான்.

“அடுத்த வருசமும் நீதான் நிக்கணும். வேற எவன் நின்னாலும் எனக்குக் கை வராது. சத்தியம் பண்ணு.”

கையை நீட்டினான். பண்ணிக் கொடுத்தேன்.